நாசி கண்டார் பொட்டலத்தின் கார்பன் கணக்கு

போன மாதம் ஒரு மத்தியானம், வாங்கி வந்த நாசி கண்டாரை (சோற்றின் மேல் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் எங்கள் பினாங்குச் சாப்பாடு) தட்டில் கொட்டிவிட்டு, மிஞ்சியதை எல்லாம் கழுவித் துடைத்து சமையலறைத் தராசில் வைத்தேன். இவருக்கு வேறு வேலை இல்லையா என்பது போல மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். உள்பக்கம் வழவழவென்று நெகிழி பூசிய பழுப்புத் தாள் 9 கிராம். குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று என இரண்டு சின்னப் பைகள் 4 கிராம். தே ஐஸ், அதாவது ஐஸ் போட்ட தேநீர், கட்டித் தந்த பை, கயிற்றோடு 4 கிராம். உறிஞ்சுகுழலுக்கு முள் அசைந்தும் அசையாமலும் ஒரு கிராம். எல்லாவற்றையும் போட்டுத் தந்த கைப்பை 5 கிராம். ஆக மொத்தம் 23 கிராம்.

அடுத்து, மகள் கைப்பேசியில் வரவழைத்த நாசி கோரேங் வந்த கறுப்பு டப்பா. மூடியோடு 32 கிராம். கரண்டியும் முள்கரண்டியும் 5, பை 5. மொத்தம் 42. கடைசியாக, எப்போதோ நடந்த சடங்கில் மிஞ்சி அலமாரியின் மேல்தட்டில் கிடந்த வெள்ளைப் போலிஸ்டிரீன் பெட்டி ஒன்றையும் வைத்தேன். 6 கிராம்.

இந்த மூன்று எடைகளையும் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பினாங்கில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாம் நெகிழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசியதெல்லாம் குப்பையைப் பற்றி: அடைத்துக்கொண்ட சாக்கடை, கடலில் மிதக்கும் பை, ஆமையின் வயிறு. அதில் தப்பில்லை. ஆனால் அதே பொட்டலத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது உருவானபோது வானத்துக்குப் போன கரியமில வாயுவின் கணக்கு. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் அவை நேரெதிராக நிற்கின்றன.

முதலில் பெரிய எண்கள். உலகம் சாப்பிடும் சாப்பாடு, வயல் உழுவதிலிருந்து மிச்சத்தைக் கொட்டுவது வரைக்கும், மனிதர்கள் வெளியிடும் பசுங்கூட வாயுக்களில் ஏறத்தாழ 34 சதவீதத்துக்குக் காரணம். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் எட்கர்-ஃபுட் என்ற தரவுத்தொகுப்பை வைத்து 2021இல் வெளியிட்ட கணக்கு இது. 1990 முதல் 2015 வரை நாடு நாடாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதில் பலரும் எதிர்பார்க்காத ஒரு வரி இருந்தது. உணவுத் துறையின் மொத்த வெளியீட்டில் பொட்டலத்தின் பங்கு 5.4 சதவீதம், லாரி, கப்பல், விமானம் என்று போக்குவரத்து முழுவதையும் சேர்த்தால் 4.8 சதவீதம்தான். நியூசிலாந்து ஆப்பிள் எத்தனை மைல் கடந்து வருகிறது என்று கவலைப்படுகிறவர்கள், அது உட்கார்ந்து வரும் தட்டையும் சுற்றியிருக்கும் மெல்லிய உறையையும் கவனிப்பதில்லை.

நெகிழியை மட்டும் தனியே எடுத்தால், பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பின் கணக்குப்படி 2019இல் அதன் பிறப்பு முதல் இறப்பு வரையிலான வெளியீடு 180 கோடி டன். உலக மொத்தத்தில் 3.4 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது அடுத்த விவரம். அந்த 180 கோடியில் ஏறக்குறைய 90 சதவீதம் எண்ணெயையும் எரிவாயுவையும் நெகிழியாக்கி, அதைப் பொருளாக வார்ப்பதற்குள் வெளியாகிவிடுகிறது. பை உங்கள் கைக்கு வரும்போதே அதன் கார்பன் போயாயிற்று. அதற்குப் பிறகு நீங்கள் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டாலும் வாய்க்காலில் எறிந்தாலும் கார்பன் கணக்கில் மாற்றம் கொஞ்சம்தான். நெகிழி மண்ணுக்குள் நூறாண்டு மக்காமல் கிடக்கிறதே என்று நாம் திட்டுகிறோம். வளிமண்டலத்தின் பக்கமிருந்து பார்த்தால் மக்காமல் கிடக்கும் வரை அந்தக் கார்பன் பூட்டி வைத்த கார்பன். எரித்தால்தான் வம்பு. ஒரு கிலோ பாலிஎத்திலீன் முழுசாக எரிந்தால் 3.1 கிலோ கரியமில வாயு வரும். இது பள்ளிக்கூட வேதியியல். கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

நாட்டின் வளைகோடு எதைக் காட்டுகிறது

நாடுவாரியாக உணவுப் பொட்டலத்தின் வெளியீட்டை வரைபடமாகப் போடும் தளங்கள் இப்போது நிறைய. மலேசியா என்று தட்டினால் ஒரு கோடு வரும். அதைப் பார்த்ததும், மலேசியர்கள் இத்தனை தாப்பாவ் (கட்டி எடுத்துப்போகும் சாப்பாடு) வாங்கியிருக்கிறார்கள் என்று படிப்பது இயல்பு. ஆனால் இந்த வகைக் கணக்குகள் பொதுவாகப் பொருள் எங்கே தயாராகிறதோ அங்கேதான் வெளியீட்டை எழுதுகின்றன. காகிதம், கண்ணாடி, அலுமினியம், தகரம், நெகிழி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் எரித்த எரிபொருளையும் இழுத்த மின்சாரத்தையும் எடுத்து, அதில் உணவுப் பொட்டலத்துக்குப் போன பங்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள்.

மலேசியாவில் இது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். நம் நெகிழித் தொழிலில் ஏறத்தாழ பாதி, பொட்டலப் பொருள் செய்வதுதான். பைகளும் உறைத் தாள்களும் இங்கிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. செபராங் பிறையிலும் சுங்கை பட்டாணியிலும் இயந்திரம் ஓடி, எங்கோ ஒரு பேரங்காடியில் மீனைச் சுற்றப்போகும் உறையின் புகை நம் கோட்டில் ஏறும். நாம் குடிக்கும் இறக்குமதி ஜூஸின் பெட்டி இன்னொரு நாட்டுக் கோட்டில் ஏறும். ஆகவே அந்த வளைகோடு நம் ஆலைகளின் சரித்திரம். நம் வயிற்றின் சரித்திரத்தை அதிலிருந்து நேராகப் படிக்க முடியாது.

அப்படியானால் நம் பயன்பாட்டை எப்படிப் பிடிப்பது? உலக இயற்கை நிதியம் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சீனா, இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஆறு நாடுகளில் ஆளுக்கு எவ்வளவு நெகிழிப் பொட்டலம் என்று பார்த்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 16.8 கிலோவோடு முதலிடம் நமக்கு. இதை அப்போதைய மக்கள்தொகையால் பெருக்கினால் 5 லட்சம் டன்னைத் தாண்டும். நெகிழியின் மூலப்பொருளான பிசின் தயாரிப்பில் கிலோவுக்குச் சுமார் 2 கிலோ கரியமில வாயு, அதை உருக்கி வார்ப்பதில் இன்னும் ஒரு கிலோ என்று தோராயமாக 3ஆல் பெருக்குங்கள். ஆண்டுக்கு 15 லட்சம் டன்னுக்குக் குறையாது. 2019இல் நாட்டின் மொத்த வெளியீடு, காடுகள் உறிஞ்சியதைக் கழிக்காமல், சுமார் 33 கோடி டன். அதில் அரை சதவீதம். இது நான் கைக்கணக்காகப் போட்ட தோராயம். காகிதமும் கண்ணாடியும் தகரமும் இதில் இல்லை. உணவல்லாத பொருள்களின் உறையும் உள்ளே வந்திருக்கிறது. ஆனாலும் அளவு பிடிபட இது போதும்.

அந்த 'இன்னும் ஒரு கிலோ' இருக்கிறதே, அதில்தான் காலத்தின் கதை ஒளிந்திருக்கிறது. நெகிழியை உருக்கி டப்பாவாக வார்க்கும் இயந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. 1990களில் தீபகற்பத்தின் மின்சாரம் பெரும்பாலும் திரங்கானு கடலின் எரிவாயுவிலிருந்து வந்தது. பிறகு எரிவாயு விலையும் இருப்பும் யோசிக்க வைத்தன. 2003இல் மஞ்சோங், 2006இல் தஞ்சோங் பின், 2009இல் ஜிமா என்று நிலக்கரி நிலையங்கள் வரிசையாக எழுந்தன. நிலக்கரி மின்சாரம் ஒரு அலகுக்கு எரிவாயுவைப் போல இரண்டு மடங்கு கரியமில வாயு விடும். இப்போது தீபகற்பத்தில் ஒரு அலகு மின்சாரத்துக்கு முக்கால் கிலோவை ஒட்டிய கார்பன். அதாவது ஆலை மாறவில்லை, அச்சு மாறவில்லை, டப்பாவின் எடையும் மாறவில்லை. அதே டப்பா முன்பைவிட அதிகப் புகையோடு பிறக்கத் தொடங்கியது. பொட்டலத்தைப் பற்றிய எந்தக் கூட்டத்திலும் மின்நிலையத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் நாட்டிலேயே நடக்கிறது. சரவாக்கில் சாமலாஜுவில் இருக்கும் அலுமினிய உருக்காலை நீர்மின்சாரத்தில் ஓடுகிறது. உலகச் சராசரியில் ஒரு கிலோ புது அலுமினியத்துக்கு ஏறத்தாழ பதினைந்து கிலோ கார்பன் ஆகும். மின்சாரம் ஆற்றிலிருந்து வந்தால் அது பெரிதும் இறங்கிவிடும். பழைய டின்னை உருக்கிச் செய்தாலோ புதுசுக்கு ஆகும் ஆற்றலில் 5 சதவீதம்தான். தெருவில் "சூராட் காபார் லாமா" (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரிக்காரர் டின்னுக்குக் காசு தருகிறார், தே ஐஸ் பைக்குத் தருவதில்லை. அவருக்குப் பருவநிலை மாற்றம் தெரியுமோ தெரியாதோ, ஆற்றலின் விலை தெரியும்.

பால் டின்னிலிருந்து கறுப்பு டப்பாவுக்கு

பினாங்கு என்ற பெயரே பாக்கு மரத்திலிருந்து வந்தது. பாக்கு மட்டையில் மடித்த சார் குவே தியாவ், வாழை இலையில் சுற்றி மேலே செய்தித்தாள் போட்ட நாசி லெமாக், இதெல்லாம் எனக்குக் கேள்விப்பட்ட கதையல்ல. அப்பா கோப்பிக்கடையிலிருந்து காலையில் வாங்கி வரும் கோப்பி, மூடியைப் பாதி வெட்டிக் கயிறு கோத்த பால் டின்னில் வரும். சுடச்சுடத் தூக்கி வருவார். கயிற்றைப் பிடித்தால் கை சுடாது. அந்த டின் ஏற்கெனவே இனிப்புப் பாலைச் சுமந்து ஒரு வேலையை முடித்துவிட்டது. தகரத்துக்குச் செலவான கார்பன் பாலின் கணக்கில் எழுதியாயிற்று. கோப்பிக்குக் கடைக்காரர் தந்தது ஓசி. குளிர்பானக் கண்ணாடிப் புட்டிகளைத் திருப்பிக் கொடுத்தால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். அதற்காக நாங்கள் அடித்துக்கொண்டதுண்டு. கண்ணாடி கனமானது. ஒருமுறை குடித்து எறிந்தால் நெகிழிப் புட்டியைவிட மோசம். இருபது முறை போய் வந்தால் கதையே வேறு.

பிறகு பை வந்தது. தே தாரிக்கைப் பையில் ஊற்றி ஓரத்தில் முடிச்சுப் போட்டு உறிஞ்சுகுழல் செருகும் 'இக்காட் தெப்பி' வித்தையை எந்த நாட்டவர் பார்த்தாலும் வாயைப் பிளப்பார். எடையில் பார்த்தால் அது ரொம்பச் சிக்கனமான பொட்டலம். நான்கு கிராமில் அரை லிட்டர் தண்ணீரைத் தூக்கிப் போக வேறெதாலும் முடியாது.

தாவல் வந்தது டப்பாவில். 2018இல் வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவரும் கிராப்ஃபுட் இங்கே இறங்கியது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மோட்டார்சைக்கிளில் குலுங்கி வரும் சோற்றுக்கு மடித்த தாள் ஆகாது, குழம்பு சிந்தினால் வாடிக்கையாளர் ஒரு நட்சத்திரம்தான் போடுவார். கெட்டியான டப்பா கட்டாயமாயிற்று. என் தராசு சொன்னதைப் பாருங்கள்: 23 கிராம் பழைய பொட்டலம், 42 கிராம் புதுப் பொட்டலம். தாளுக்கு நெகிழியைவிடக் கார்பன் குறைவு என்பதால் முன்னது கார்பனில் ஏறக்குறைய 55 கிராம், பின்னது 125 கிராம். அதே ஒரு ஆள் சோறு.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த டப்பாவைக் கொண்டு வந்த மோட்டார்சைக்கிள் கிலோமீட்டருக்கு ஐம்பது அறுபது கிராம் விடும். ஐந்து கிலோமீட்டர் வந்திருந்தால் டப்பாவைப் போல இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் சாப்பாட்டைக் கேட்கவே வேண்டாம். உலகச் சராசரியில் அரிசி கிலோவுக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல், கோழி கிலோவுக்கு 10 கிலோ, ஆட்டிறைச்சி 40 கிலோ. நூறு கிராம் அரிசியும் நூற்றைம்பது கிராம் கோழியும் என்றால் இரண்டு கிலோவை நெருங்குகிறோம். பொட்டலம் அதில் மூன்றிலிருந்து ஆறு சதவீதம். எட்கர்-ஃபுட்டின் 5.4 எங்கிருந்து வருகிறது என்று என் சமையலறை மேசையிலேயே தெரிந்துவிட்டது. கோழிக்குப் பதில் ஆட்டுக்கறி வாங்குகிறவர் டப்பாவைப் பற்றிக் கவலைப்படுவது கோடியைத் தொலைத்துவிட்டுச் சில்லறையைத் தேடுவது மாதிரி.

இதனால்தான் பேரங்காடியில் வெள்ளரிக்காய்க்கு மேல் இருக்கும் உறையைக் கண்டதும் எனக்கு முன்பு போலக் கோபம் வருவதில்லை. இரண்டு கிராம் உறை ஒரு வெள்ளரிக்காயை இன்னும் சில நாள் அழுகாமல் வைத்திருந்தால் அது தன் கடனைத் தீர்த்துவிட்டது. மலேசியாவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது என்று திடக்கழிவுக் கழகம் சொல்கிறது. கடையிலிருந்து வீடு வரை இருபது நிமிஷம் மட்டும் உழைக்கும் டப்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது எதையும் கெடாமல் காக்கவில்லை; தட்டு கழுவும் வேலையை மட்டும் மிச்சப்படுத்தியது.

தடைகள் எங்கே குறி வைத்தன

2009 ஜூலையில் பினாங்கில் திங்கள்கிழமைகளில் இலவசப் பை இல்லை என்றார்கள். 2010இல் அது திங்கள், செவ்வாய், புதன் ஆயிற்று. 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் அப்படியே, பை வேண்டுமானால் 20 சென் என்றாயிற்று. 2012இல் அங்காடி வளாகங்களில் போலிஸ்டிரீனுக்கு இடமில்லை என்றாயிற்று. நாட்டில் முதலில் இறங்கியது நாம்தான் என்பதில் பினாங்குக்காரனுக்கு ஒரு மிதப்பு உண்டு, எனக்கும் உண்டு. 2017இல் சிலாங்கூர் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்கள் மக்கும் பொட்டலத்துக்கு மாறச் சொல்லின. 2018 செப்டம்பரில் 2030க்குள் ஒருமுறை நெகிழியை ஒழிக்கும் தேசியச் செயல்திட்டம் வெளியானது.

20 சென் நல்ல வேலை செய்தது. காரணம் எளிது: அது பைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகும் பழக்கம் என் மாமியாருக்கே வந்துவிட்டது.

போலிஸ்டிரீன் விஷயம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. அந்த ஆறு கிராம் பெட்டியை எடுங்கள். முக்கால்வாசிக்கு மேல் காற்று. அதன் கார்பன் இருபது கிராமைச் சுற்றித்தான் வரும். அதன் இடத்தில் வந்த கறுப்பு டப்பா, பெட்டி மட்டும், நூறு கிராமை நெருங்குகிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் போலிஸ்டிரீன், அலுமினியம், பாலிபுரோப்பிலீன் என மூன்று வகை உணவுப் பெட்டிகளை ஒப்பிட்டபோதும் ஒருமுறை பயன்பாட்டில் போலிஸ்டிரீன்தான் பெரும்பாலான கணக்குகளில் குறைந்த பாதிப்பு என்று வந்தது. மறுசுழற்சிக்குப் போகாத வரை அது நல்ல தேர்வாகாது என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஆகவே தடை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வாய்க்காலுக்கு நல்லது செய்தோம். அதற்குக் கார்பனில் ஒரு விலை கொடுத்தோம். கொடுத்தோம் என்பது தெரியாமலே கொடுத்தோம்.

'மக்கும்' என்ற சொல்லும் இதே போலத்தான். சோள மாவிலிருந்து செய்த பெட்டி மக்க வேண்டுமானால் அறுபது டிகிரியை ஒட்டிய சூட்டில் நடக்கும் உரக்கிடங்கு வேண்டும். நம் பெட்டிகள் போவது அங்கே இல்லை. கோலாலம்பூர்க் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையம் வழியாக உலு சிலாங்கூரில் புக்கிட் தாகாருக்குப் போகிறது. பினாங்குக் குப்பை நிபோங் திபாலில் புலாவ் புரோங்குக்குப் போகிறது. குப்பைமேட்டின் அடியில் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் காகிதமும் இலையும் சோறும் மக்கினால் வருவது மீத்தேன்; நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு. புக்கிட் தாகாரில் அந்த வாயுவைக் குழாயில் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். புலாவ் புரோங்கில் ஃபுகுவோகா முறை என்ற ஜப்பானிய உத்தி: மேட்டுக்குள் குழாய் பதித்து வெளிக்காற்றை உள்ளே விட்டு மீத்தேனைக் குறைப்பது. கேட்க எளிமையாக இருக்கும், நல்ல உத்தியும்கூட. ஆனால் 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்தது நிபோங் திபால்காரர்களுக்கு நினைவிருக்கும். மண்ணுக்குள் பூட்டி வைத்த நெகிழிக் கார்பன், கிலோவுக்கு மூன்று கிலோவாக, எந்த வடிகட்டியும் இல்லாமல் வெளியே வந்த நாள்கள் அவை.

அதற்கு முந்திய தீ வேறு மாதிரி. 2018இல் சீனா அந்நியக் குப்பைக்குக் கதவைச் சாத்தியதும் கொள்கலன்கள் இங்கே திரும்பின. கோல லங்காட்டில் ஜெஞ்சாரோம், கெடாவில் சுங்கை பட்டாணி என்று உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன; வேண்டியதை உருக்கினார்கள், வேண்டாததை ராத்திரியில் கொளுத்தினார்கள். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களைப் பதின்மூன்று நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியதாக அரசு அறிவித்தது; அறிவித்த இடம் பட்டர்வொர்த். ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் அமெரிக்கனும் சாப்பிட்டு எறிந்த உறை நம் ஊரில் எரிந்த புகை யார் கோட்டில் ஏற வேண்டும்? திருட்டுத்தனமாக எரித்தது எந்தக் கோட்டிலும் ஏறவில்லை. 2025 ஜூலையிலிருந்து, அபாயக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பேசல் ஒப்பந்தத்தில் சேராத நாடுகளின் நெகிழிக் கழிவுக்குத் தடை வந்திருக்கிறது.

சொந்தக் குப்பையில் தேசிய மறுசுழற்சி விகிதம் 2020இல் 30.67 சதவீதம், 2023இல் 35.38. ஏறுகிறது, சந்தோஷம். ஆனால் குழம்பு ஒட்டிய பையை மறுசுழற்சிக்காரர் தொடமாட்டார். தாப்பாவ் பொட்டலங்களுக்கு அந்த விகிதத்தில் பங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர்ப் பந்தலில் ஒரு தம்ளர்

பொருளை மாற்றி மாற்றிப் பார்த்தால் கணக்கு இப்படித்தான் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும். இறங்கியே நிற்கும் இடம் ஒன்றுதான்: ஒரே பொருள் எத்தனை தடவை புழங்குகிறது என்பது.

தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவில் பக்கம் உறவினர் ஒருவர் வருஷா வருஷம் பந்தல் போடுகிறார். பல ஆண்டு காகிதக் கோப்பைதான். மோர், ரோஸ் மில்க், சுக்குக் காப்பி எல்லாம் அதில் போகும். விடிகாலையில் கோப்பைக் குவியலுக்கு நடுவில்தான் நிற்போம். ஒரு வருஷம் எங்கிருந்தோ எவர்சில்வர் தம்ளர் முந்நூறு கொண்டு வந்து இறக்கிவிட்டார். கழுவுவது யார் என்பதில் பெரிய சண்டை. கடைசியில் இளவட்டங்கள் நான்கு பேர் மூன்று வாளிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்தத் தம்ளர் 60 கிராம். எவர்சில்வருக்குக் கிலோவுக்கு 5 கிலோ கார்பன் என்று தாராளமாகவே போட்டால் 300 கிராம். உள்ளே நெகிழி பூசிய சின்னக் காகிதக் கோப்பை ஒன்றுக்குப் பத்துப் பதினோரு கிராம். இருபத்தேழிலிருந்து முப்பது பேர் குடித்ததும் தம்ளர் தன் கடனை அடைத்துவிடும். பந்தலில் ஒரு தம்ளர் ஒரு ராத்திரியில் நாற்பது கைக்காவது மாறும். தைப்பூசம் விடிவதற்குள் கணக்கு நேராகிவிட்டது. அதற்கப்புறம் அடுத்தடுத்த வருஷங்கள் எல்லாம் லாபம்.

ஐரோப்பிய ஆய்வுகளில் இந்த மாதிரிப் பாத்திரங்கள் கடன் அடைக்க நீண்ட காலம் எடுக்கும். ஒரு முக்கியக் காரணம், அவர்கள் வெந்நீரில் கழுவுகிறார்கள்; பாத்திரம் கழுவும் இயந்திரமும் அதற்குச் சூடேற்றும் மின்சாரமும் ஒவ்வொரு தடவையும் கணக்கில் சேரும். நம் வீட்டுக் குழாயில் வருவது பச்சைத் தண்ணீர். சோப்பு, நார், இரண்டு அலசல். வெயில் காயவைத்துவிடும். அவர்கள் எண்களை அப்படியே எடுத்து இங்கே ஒட்டுவது சரிப்படாது.

மறுபயன்பாடு என்றாலே நல்லது என்றும் இல்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் போட்ட கணக்கில், ஒரு பருத்திப் பை சாதாரண நெகிழிப் பையை வெல்ல 131 தடவை கடைக்குப் போய் வர வேண்டும் என்று வந்தது. எங்கள் வீட்டில் மாநாடு, கருத்தரங்கு, கல்யாணம் என்று கிடைத்த துணிப்பைகள் பதினாறு இருக்கின்றன. அவற்றில் வெளியே போவது இரண்டு. மற்ற பதினான்கும் கொக்கியில் தொங்கிக்கொண்டு கடனில் இருக்கின்றன.

அப்பாவின் நான்கடுக்குத் தூக்குச்சட்டி என்னிடம் இருக்கிறது. 700 கிராம், மூன்றரைக் கிலோ கார்பன். கறுப்பு டப்பாவுக்கு எதிராக 28 தடவை, பழுப்புத் தாள் பொட்டலத்துக்கு எதிராக 64 தடவை. வாரத்துக்கு இரண்டு தடவை கடைக்குக் கொண்டுபோனால் ஏழெட்டு மாதத்தில் எந்தப் பொட்டலத்தையும் வென்றுவிடும். புதிதாக வாங்கினால்தான் அந்தக் கணக்கும். இது முப்பது வருஷப் பழசு.

இந்தக் கணக்கெல்லாம் போட்டு முடித்த தைரியத்தில் போன வாரம் அதைக் கழுவி எடுத்துக்கொண்டு வழக்கமான கடைக்குப் போனேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"பூங்குஸா தம்பி?" என்றார் கடைக்காரர். பொட்டலமா என்று அர்த்தம்.

"இல்லண்ணே. இதுல வச்சுக் கொடுங்க. ஒரு ஆள் சோறு, கோழி, வெண்டிக்காய், குழம்பு கலந்து."

அவர் சட்டியை வாங்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எங்க அத்தா வீட்டுல இப்புடி ஒண்ணு கிடந்துச்சு" என்றார். பிறகு, கை பழக்கத்தில், ஒரு பழுப்புத் தாளை உருவி இடது உள்ளங்கையில் விரித்தார்.

"அண்ணே, தாள் வேணாமே."

"அளவு தெரியணும்ல தம்பி. தாள்ல போட்டாத்தான் எனக்குக் கை நிக்கும்."

தாளில் சோறு விழுந்தது, கோழி விழுந்தது, வெண்டிக்காய் விழுந்தது, மூன்று குழம்பும் வரிசையாக இறங்கின. அளவு சரியாக வந்ததும் அப்படியே சட்டியின் முதல் அடுக்கில் கவிழ்த்துவிட்டு, தாளைக் கசக்கிக் கீழே கூடையில் போட்டார்.

9 கிராம்.

மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டிக் கையில் கொடுத்தார். "குழம்பு தனியா ஒரு பையில கட்டித் தரவா?" என்று கேட்டார்.

"வேணாண்ணே, ரெண்டாவது அடுக்கு காலியாத்தான் இருக்கு."

வாங்கி மறுபடி கொக்கியைக் கழற்றினார்.